மீனம்மாவும் ஒன்றரை மணி விசிட்டும்

தண்ணிமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வெளியிலிருந்து யார் வந்தாலும் மீனம்மா கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். “வர்றது குடுக்குற ஆளா, கொற கண்டுபுடிக்கிற ஆளா?”

பதில் தெரிந்தால் போதும். கொட்டகலையிலிருந்து வருகிற வாகனம் கோயில் வளைவில் திரும்பி மேட்டில் ஏறி முடிப்பதற்குள், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் பத்தாம் நம்பர் லயம் வேறு லயமாகிவிடும். கொடுக்கிற ஆள் என்றால் லயம் அழும். ஒழுகாத கூரைக்குக் கீழே சட்டி வைக்கப்படும். அந்தச் சட்டியில் தண்ணீர் ஊற்றி வைப்பவளும் மீனம்மாதான். டிவிப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போகும். புதுச் சட்டையைக் கழற்றச் சொன்னதற்காகப் பிள்ளைகள் அழுவார்கள். அந்த அழுகையும் வீணாகாது, வந்தவர்கள் அதைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். குறை கண்டுபிடிக்கிற ஆள் என்றால் லயம் சிரிக்கும். கோழிகள் கூடைக்குள், குடிகாரர்கள் மேல்மலையில், ரோட்டுப் பக்கச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு. பின்பக்கம் யாரும் போக மாட்டார்கள். போக நினைத்தால் வழியில் மீனம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்பாள்.

இதைப் பொய் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். கல்யாணப் பெண்ணுக்குப் பவுடர் பூசுவதை யாராவது பொய் என்கிறார்களா? பிறந்ததிலிருந்து அவள் பார்த்தது அதுதான். கம்பனியிலிருந்து விசிட்டிங் தொரை வருகிறார் என்றால் தோட்டத்துத் தொரை கண்டாக்கையாவை முடுக்குவார், கண்டாக்கையா கங்காணியை முடுக்குவார், கங்காணி லயத்தை முடுக்குவார். ஒரு நாள் எல்லாரும் நடித்துவிட்டு மறுநாள் பழையபடி இருப்பார்கள். மீனம்மா அந்த நாடகத்துக்கு வாத்தியாராகிவிட்டாள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு தடவைதான் அவள் கணக்குத் தப்பியது. தண்ணீர் தேக்கிவைக்கும் தாங்கி கொடுக்க வந்த ஒரு சங்கத்தாரைக் கம்பனி ஆட்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். லயம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. வந்தவர்கள் அசந்துபோய், இங்கே ஒரு குறையும் இல்லை என்று பாராட்டிவிட்டு, தாங்கியைப் பக்கத்துத் தோட்டத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். பத்தாம் நம்பருக்கு ‘முன்மாதிரி லயம்’ என்று கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று கிடைத்தது. அதில் தண்ணீர் பிடிக்க முடியாது என்று பீலிக்கரையில் குடத்தோடு நின்ற பெண்கள் ஒரு வருடம் அவளை வறுத்தெடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவள் எந்த விருந்தாளிக்கும் முகம் காட்டுவதில்லை.

மீனம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறாள். புருசன் போய்ச் சேர்ந்து நாளாகிறது. ஒரே மகன் ஜெயகாந்தன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டுவான். லயத்தின் தொங்கலில் இருக்கும் கடைசிக் காம்பரா வீட்டில் அவளும் மருமகள் தனுஷிகாவும்தான். மாமியார் மருமகள் சண்டை பார்க்க ஆசைப்பட்டுக் காதைத் தீட்டி வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காம்பரா பெரிய ஏமாற்றம். தனுஷிகா வாய்த்துடுக்குக்காரி. தன் வேஷங்களை நேருக்கு நேர் கேலி செய்ய வீட்டுக்குள்ளேயே ஓர் ஆள் கிடைத்ததில் மீனம்மாவுக்கு உள்ளூர சந்தோஷம்.

தனுஷிகாவுக்கு அப்போது ஆறு மாதம். இது இரண்டாவது. முதல் பிள்ளை எடை போதாமல், மாதமும் போதாமல் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. அழவைக்க வேண்டிய ஆட்கள் அதன் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள். அந்தக் கதையை மட்டும் மீனம்மா ஒருவரிடமும் எடுத்து விடவில்லை. அது நிஜமாகவே வலித்தது. இந்தப் பிள்ளையாவது உயிரோடு, உடம்போடு கைக்கு வர வேண்டும். கோயில் வளைவைக் கடக்கும்போதெல்லாம் அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

அந்தத் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மிட்வைஃப் அம்மாவோடு ஸில்மியா வந்தாள். ஹட்டனில் சாமான் கடை வைத்திருக்கும் மஃறூப் நானாவின் மகள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளர். தலையில் முக்காடு, காலில் சேறு, கையில் சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி.

“கர்ப்பிணித் தாய்மாரப் பத்தி ஒரு ஆராய்ச்சிக்கா,” என்றாள் அவள். “காத்துல உள்ள தூசி, புகைக்கும் பிள்ளைகள் நிறை கொறஞ்சு பொறக்குறதுக்கும் தொடர்பு ஈக்கான்னு பாக்குறோம். நோட்டன் பிரிட்ஜ், வலப்பனைப் பக்கமெல்லாம் செஞ்சுட்டு வாறோம்.”

“அதுக்கு என்னா செய்வீங்க மிஸ்?”

“எல்லா ஊருலயும் தூசி அளக்குற மெஷின் வைக்க ஏலாதே. மேல சுத்துற செய்மதிதான் அளக்கும். வெயில் வெளிச்சம் தூசியில பட்டு எப்புடிச் செதறுதுன்னு அது பாக்கும். அத வச்சு, கீழ காத்து எவ்வளவு அழுக்குன்னு நாங்க கணக்குப் போடுவோம். ஆனா கூரைக்குக் கீழ நடக்குறது அதுக்குத் தெரியாது. அதுக்குத்தான் இந்தப் பெட்டிய ஒங்கட குசினியில வைக்கப் போறேன்.”

மீனம்மாவின் காதில் பெட்டி விழவில்லை. செய்மதிதான் விழுந்தது.

“அது எப்ப வரும்?”

“பகல் ஒன்றரை போல இந்தப் பக்கமாப் போகும்.”

“நின்னு பாக்குமா?”

“நிக்காதுக்கா. போற போக்குல பாத்துட்டுப் போகும். மேகம் மூடியிருந்தா ஒண்டும் தெரியாது.”

“பாத்துட்டு யாருகிட்டச் சொல்லும்?”

“கணக்கெல்லாம் வெளிநாட்டுக்குப் போய்த்தான் எங்களுக்கு வரும். செய்மதி அவங்கடதானே.”

மீனம்மா மருமகளைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, முக்கியமான கேள்வியைக் கேட்டாள். “குடுக்குற ஆளா, கொற கண்டுபுடிக்கிற ஆளா?”

ஸில்மியா சிரித்துவிட்டாள். “ரெண்டும் இல்லக்கா. அது சும்மா பாக்கும்.”

சும்மா பார்க்கிறவர் என்று ஒருவர் இந்த உலகத்தில் கிடையாது என்பது மீனம்மா அனுபவத்தில் கண்ட முடிவு. வருவது குறிப்பிட்ட நேரத்தில். நிற்பதில்லை, தேத்தண்ணி குடிப்பதில்லை, யாரோடும் பேசுவதில்லை. பார்த்ததெல்லாம் சீமைக்கு ரிப்போர்ட்டாகப் போகிறது. இது யாரென்று தோட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். விசிட்டிங் தொரை! முன்பு ஜீப்பில் வந்தார், இப்போது வானத்தில் வருகிறார்.

அதில் சந்தேகம் ஏதும் மிச்சம் இருந்திருந்தால் அதைக் கண்டாக்கையா பழனியாண்டி தீர்த்துவைத்தார். மலையில் வேலையை மேற்பார்ப்பவர் அவர். சிரிக்காமல் புளுகுவதில் அந்தத் தோட்டத்தில் மீனம்மாவுக்கு அடுத்த இடம் அவருக்கு. லயத்து அடுப்புகளில் எரிவது பெரும்பாலும் மேல்மலைக் காட்டு விறகு. அங்கே மரம் வெட்டக் கூடாது என்று போர்டு ஒன்று இருந்தது. போன மழைக்காலத்தில் போர்டைத் தாங்கிய கட்டையும் யார் அடுப்புக்கோ போய்விட்டது.

“அந்த மெஷின் லேசுப்பட்டதில்ல மீனம்மா,” என்றார் அவர், கொழுந்து நிறுக்கும் இடத்தில் முகத்தைத் துக்க வீட்டு முகம்போல வைத்துக்கொண்டு. “மேலருந்து பொகையப் பாத்தே எந்த மரம், எந்தக் காம்பராக்காரன் வெட்டுனான்னு சொல்லிப்புடும்.”

அன்று அந்தியிலேயே பீலிக்கரையில் கூட்டம் கூடியது. மீனம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“நாளையிலருந்து பகலைக்கு யாரும் அடுப்பு மூட்டக் கூடாது. பகல் சோத்தையும் விடியவே ஆக்கிருங்க.”

“விடியவும் அந்திக்கும் பொக வருமே?” என்றாள் பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு.

“விசிட்டுக்கு வந்த தொரை, கொடைய மறந்துட்டேன்னு திரும்பி வந்து புடிச்ச கத மறந்து போச்சா? இவன் மட்டும் திரும்பிப் பாக்க மாட்டானாக்கும்? பொக வெளிய போகவே கூடாது. கூரைக்கும் செவுத்துக்கும் நடுவுல உள்ள சந்தெல்லாம் அடைங்க. பின் சன்னல மூடுங்க.”

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் பழைய படங்குச் சாக்குகள் எல்லாம் கூரைச் சந்துகளில் ஏறின. சன்னல்களுக்கு ஆணி. வேலை அத்தோடு முடியவில்லை. சுண்ணாம்பை எங்கே அடிப்பது என்று இளவட்டங்கள் வந்து கேட்டபோது மீனம்மா சொன்ன பதில் இன்றுவரை அந்தத் தோட்டத்தில் பேசப்படுகிறது. “செவுரு யாருக்குத் தெரியப் போவுது? மேலருந்து பாக்குறவனுக்குக் கூரதாண்டா மொகம்!”

தகரக் கூரைக்கு வெள்ளையடித்தார்கள். மறுநாள் அந்தித் தூறலில் அவ்வளவும் வழிந்து, கூரை ஓரம் ஒதுங்கி நின்ற கோழிகளெல்லாம் வெள்ளைக் கோழிகளாயின. தன் கோழி எது என்று தெரியாமல் இரண்டு வீட்டுக்காரர்கள் மூன்றாம் வீட்டுக் கோழிக்குச் சண்டை பிடித்தார்கள்.

ஆனாலும் லயம் ஒழுங்காக நடந்தது. வானம் வெளுத்த நாட்களில் பத்தாம் நம்பரில் பகல் பொழுது ஒரு பொட்டுப் புகை கிடையாது. மேகம் இறங்கிய நாட்களில் “இன்னைக்கு விசிட் இல்ல” என்று குரல் போகும். உடனே பகலடுப்பு எரியும், ரொட்டி வேகும். சாக்குகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடி யார் அடைப்பது?

ஸில்மியா வைத்துவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி அடுப்புக்கு எதிர் மாடத்தில் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. மீனம்மா அதற்கு ஓரத்தில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். அதைப் பற்றி அவளுக்குப் பயமே இல்லை. கூரைக்குக் கீழே மட்டும் பார்க்கிறது என்றால் அது தொரை இல்லை, வெறும் கணக்கெழுதுகிற கிளாக்கர். கிளாக்கர்மாரை அவள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள்.

அந்தச் சின்னக் குசினியில் காலையும் அந்தியும் சோறு ஆக்கியவள் தனுஷிகா. மலையிலிருந்து மீனம்மா வந்து சேர இருட்டிவிடும். அதற்குள் அடுப்பு எரிந்தாக வேண்டும். கதவைத் திறந்தால் மருமகளின் முகம் தெரியாது, இருமல்தான் முதலில் கேட்கும்.

“வானத்துக்குப் பொக தெரியக் கூடாதுன்னு என்னக் கருவாடாப் போட்டுட்டீங்க மாமி,” என்றாள் தனுஷிகா ஒருநாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மீனம்மாவும் சிரித்தாள். “கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்க புள்ள. ரிப்போர்ட்டு போயிட்டா எல்லாத்தையும் தொறந்துரலாம்.”

ஒருநாள் அந்தியில் தனுஷிகா பின்வாசல் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, மூச்சு விட்டு விட்டு வந்தது. தைக் குளிர்தான் காரணம் என்று மீனம்மா முடிவு கட்டினாள். இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டுக் கசாயம் வைத்துக் கொடுத்தாள். குளிர் உள்ளே வராமல் இருக்க, திறந்திருந்த அந்த ஒரு கதவையும் இழுத்து மூடிவிட்டு, மருமகளை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவ்வளவு அன்பு.

ஸில்மியா வந்து பெட்டியை எடுத்து மடிக்கணினியில் மாட்டினாள். திரையைப் பார்த்தாள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெட்டியில்தான் ஏதோ பிழை என்று சொல்லி வேறு ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு பகல் வந்து அதையும் மாட்டிப் பார்த்தவள், திரையை மீனம்மாவின் பக்கம் திருப்பினாள்.

“அக்கா, கீழ லயத்துலயும் இதே மாதிரி அடுப்பு, இதே விறகு. அங்கட கணக்கு இதுல பாதி கூட இல்ல. நான் பாத்த குசினிகள்லயே இதுதான் ஆக மோசம். எனக்கு வெளங்குதில்ல. செய்மதிக் கணக்கப் பாத்தா இந்தப் பக்கம் காத்து நல்லாத்தான் ஈக்கு.”

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மீனம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. விசிட்டில் பாஸ்! “பாத்தீங்களா மிஸ்!” என்று கூடச் சொல்லிவிட்டாள்.

தனுஷிகா சுவரில் சாய்ந்தபடி கையை மட்டும் தூக்கினாள். “மிஸ், கொஞ்சம் அண்ணாந்து பாருங்க.”

ஸில்மியா அண்ணாந்தாள். கூரையோரம் நெடுகச் சாக்குகள் பிதுங்கிக்கொண்டு நின்றன.

“இது எதுக்கு?”

“வானத்துக்கு மூடி, மிஸ். மாமி போட்டது.”

கதையைக் கேட்டு ஸில்மியா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கூரைக்கு வெள்ளையடித்த இடம் வந்தபோது கண்ணில் நீர் வந்தது. பிறகு அவள் பார்வை தனுஷிகாவின் வயிற்றில் போய் நின்றது. சிரிப்பு நின்றுவிட்டது.

“அக்கா, செய்மதிக்கு ஒங்கட அடுப்பு தெரியாது. வீடும் தெரியாது, லயமும் தெரியாது. இந்தத் தோட்டம், பக்கத்துத் தோட்டம், கொட்டகலை பஸார், ரயில் நிக்கிற கோச்சி ஸ்டேஷன் எல்லாம் சேந்து அதுக்கு ஒரே ஒரு புள்ளி. நான் இத மொதல்லயே வெளங்கச் செல்லியிருக்கணும்.”

“ஒரு புள்ளியா?” மீனம்மாவுக்கு முதலில் வந்தது அவமானம்தான். “நாங்க கூர வரைக்கும் வெள்ளையடிச்சோமே மிஸ்!”

“வெளிய போக வேண்டிய புகைய உள்ளுக்கு வச்சு மூடியிருக்கீங்க. அவ்வளவையும் தனுதான் இழுத்திருக்கா. வயித்துல உள்ளதுக்கும் சேத்து.”

மீனம்மா கீழே உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் இதுவரை எடுத்து விடாத கதையை அவளே எடுத்தாள். “மொதப் புள்ள… அதுவும் பொகையாலதான் போச்சா மிஸ்?”

“தெரியாதுக்கா. ஒரு பிள்ளைய வச்சு அப்புடிச் செல்ல ஏலாது. அதுக்குத்தான் இவ்வளவு பேரப் பாக்குறோம். ஆனா வேற நாடுகள்ல பாத்திருக்காங்க, வீட்டுக்குள்ள புகை கூடின எடத்துல நிறை கொறஞ்ச பிள்ளைகளும் கூடத்தான். அது மட்டும் தெரியும்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவள் என்று பேர் எடுத்தவள் மீனம்மா. இந்தத் தடவை மறைத்த இடம் மருமகளின் நெஞ்சு. யாரோ வருகிறான் என்று பயந்து, வீட்டுக்குள் வரப்போகிறவனை அவள் மறந்துவிட்டாள். தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

எழுந்தவள் சாக்குகளைப் பிடித்து இழுத்தாள். ஆணியைப் பிடுங்கிச் சன்னலைத் திறந்தாள். அடுப்பில் கொஞ்சம் விறகு வைத்துப் பார்த்தாள். புகை அப்போதும் மூலையிலேயே சுற்றிச் சுற்றி நின்றது. நேரே மேலே பார்த்தாள். அடுப்புக்கு மேலே தகரம்.

லயத்துக் கூரை தோட்டத்துச் சொத்து. ஒரு ஆணியைத் தொட்டாலும் ஒபீசில் விசாரணை. மீனம்மா மூலையில் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்து, உட்காரும் வாங்கின் மேல் ஏறினாள்.

“அக்கா, விழுந்துருவீங்க!” என்று ஸில்மியா வாங்கைப் பிடித்துக்கொண்டாள். ஆராய்ச்சி செய்ய வந்தவள் ஆராய்ச்சியின் நடுவில் வாங்கு பிடிக்கலாமா என்று பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் பிறகு கேட்டார்களாம். கேட்கட்டும்.

நெம்பிய நெம்பில் தகரம் முனகிக்கொண்டு வளைந்தது. அடுப்பின் மேல் வெயில் விழுந்தது. புகை ஒரு கணம் தயங்கி, பிறகு வழி கண்டுபிடித்து நேரே மேலே ஏறியது.

“அடியே மீனம்மா, மணி ஒண்ணரை! விசிட்டு நேரம்!” என்று அம்மாக்கண்ணு அடுத்த வாசலிலிருந்து அலறினாள்.

“வரட்டும்டீ! நல்லாக் கண்ணத் தொறந்து பாத்துட்டுப் போவட்டும்!”

விஷயம் பரவியது. புள்ளத்தாச்சியோ கைப்பிள்ளையோ உள்ள காம்பராக்களில் அடுத்தடுத்துத் தகரம் வளைந்தது. இதைத் தோட்டத்துத் தொரையின் காதுக்குக் கொண்டுபோக ஆள் தேடவா வேண்டும்? கூரையில் ஓட்டை போட்டால் தேயிலை ஆலை மேட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். இரண்டு நாளில் அவரே வந்துவிட்டார், பின்னால் கண்டாக்கையா பழனியாண்டியோடு. சாக்குக் கதை நடந்த வாரங்களின் கணக்கைத் தனியாக ஒதுக்கி எழுத வேண்டும் என்று ஸில்மியாவும் அன்று பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“மீனம்மா, தகரம் எங்கே?”

லயமே வாசலில் நின்று பார்த்தது. இவர் கொடுக்கிற ஆள் இல்லை. ஆகவே லயம் சிரிக்க வேண்டும், அல்லது இவ்வளவு தூரம் வந்த பிறகு அழுதாவது ஆக வேண்டும். மீனம்மா இரண்டும் செய்யவில்லை.

“நான்தாங்க தொரை கழட்டுனேன். புள்ளத்தாச்சிக்குப் பொக ஆவாது.”

அவ்வளவுதான் பேச்சு. பழனியாண்டி தன் காதையே நம்பாமல் அவளைப் பார்த்தார். தொரைக்கு அந்த அதிசயம் விளங்கவில்லை.

“மழை வந்தா என்ன செய்றது? நாளைக்குள்ள எல்லாத்தையும் அடிச்சு மூடணும். இல்ல, காம்பராவ விட்டுப் போகணும்.”

உண்மை பேசினால் கிடைப்பது இதுதான் என்று மீனம்மாவுக்கு உள்ளே ஒரு குரல் சொன்னது. அப்போது மாடத்தில் பச்சை விளக்கு மினுங்கியது தொரையின் கண்ணில் பட்டது. அது என்ன என்றார். ஸில்மியா எழுந்து நின்று, கர்ப்பிணிகள், காற்று, செய்மதி, வெளிநாடு என்று பணிவாக விளக்கினாள்.

தொரையின் முகம் மாறியது. அடுத்த மாதம் சீமையிலிருந்து தேயிலை வாங்குகிறவர்கள் தோட்டம் பார்க்க வருகிறார்கள். அவர்கள் சான்றிதழ் தந்தால்தான் நல்ல விலை. ஆலையின் ரோட்டுப் பக்கச் சுவருக்கு அவர் ஏற்கெனவே சுண்ணாம்பு அடித்தாயிற்று.

“இந்தச் செய்மதிக்கு நம்ம பேக்டரி தெரியுமா?”

“தனியாத் தெரியாது சேர். இந்தப் பக்கம் முழுக்க அதுக்கு ஒரே புள்ளி.”

“ஒரே புள்ளியா? லயமும் பேக்டரியுமா?”

“ஓ சேர், ரெண்டுந்தான்.”

மீனம்மாவுக்கு அந்த இடத்தில் கதவு திறந்தது. பழைய மீனம்மா குனிந்து உள்ளே வந்தாள். “அதத்தாங்க தொரை நானும் கேட்டேன். எங்க அடுப்புல பொகஞ்சாலும் அது தொரை பேக்டரி நிக்கிற புள்ளியிலதான் ஏறுமாம். அங்க வெள்ளக்காரன் பாத்தா, எது எங்க பொக, எது தொரை பொகன்னு பிரிச்சாத் தெரியும்?”

ஸில்மியா வாயைத் திறந்தாள். யோசித்துப் பார்த்தால் இதில் பொய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

தொரை கூரை ஓட்டை வழியாக நீல வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில், ஒரு அடி பின்னால் நகர்ந்து தகரத்துக்குக் கீழே நின்றுகொண்டார். பயம் வந்துவிட்டால் பங்களாவுக்கும் லயத்துக்கும் என்ன வித்தியாசம்?

“கொழாய் வச்ச அடுப்புன்னா வெறகும் நல்லாப் புடிச்சு எரியுங்க, பொகையும் கம்மிங்க,” என்றார் பழனியாண்டி, வானத்தைப் பார்த்துக்கொண்டே. மேலிருந்து மரத்தின் பேர் சொல்லும் என்று புளுகிய கடனை அவர் இப்படித் தீர்த்தார் என்று நினைக்கிறேன்.

“அது உண்மைதான் சேர்,” என்றாள் ஸில்மியா, இந்தத் தடவை தைரியமாக.

தொரை தலையாட்ட, ஆலையின் இயந்திரங்களைப் பார்க்கும் பிட்டர், ஸ்டோரில் கிடந்த பழைய தகரத்தில் குழாய் உருட்டினார். மாசி முடிவதற்குள் பத்தாம் நம்பர் லயத்துக் காம்பரா ஒவ்வொன்றிலும் மூடிய மண் அடுப்பும், கூரைக்கு மேலே தொப்பி போட்ட குழாயும் வந்துவிட்டன. தனுஷிகா குசினிக் கதவைத் திறந்தால் இப்போது முகம் தெரிந்தது. ஸில்மியாவின் திரையில் மலையாக நின்ற கோடு மேடாக இறங்கியது. முழுக்க நல்ல காற்று இல்லைதான், ஆனால் பாதிக்கும் கீழே என்று அவள் சொன்னாள். மீனம்மா அதற்குச் சந்தோஷப்படவில்லை. இன்னும் கொஞ்ச வாரம் முந்தியே செய்திருக்கலாமே என்று அவள் மனம் அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளை வெளியே வரும்வரை இனி எதுவும் நிச்சயமில்லை. மலையில் அவள் பேச்சுக் குறைந்துவிட்டதைக் கண்டு மற்றப் பெண்கள் பயந்தார்கள்.

சித்திரை கடைசியில் தனுஷிகாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை பிறந்து, தராசில் போட்டு, துணியில் சுற்றி வார்டுக்குக் கொண்டுவந்த சற்று நேரத்தில் மீனம்மாவின் போன் அடித்தது. ஸில்மியா.

“பிள்ள சொகமாக்கா? தனு சொகமா?”

“ரெண்டு பேரும் சொகம் மிஸ். ஆம்பளப் புள்ள.”

“அல்ஹம்துலில்லாஹ்! நிறை எவ்வளவுக்கா? ஆஸ்பத்திரிக் கணக்கு எனக்குப் பொறகு வரும், அது வரைக்கும் பொறுக்க ஏலாது.”

மூன்று கிலோ என்று கூட்டிச் சொன்னால் என்ன? மீனம்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்பது வெளியாள். வெளியாளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை. கூட்டினால் பெருமை, குறைத்தால் இரக்கம், இரண்டிலும் லாபம் இருந்தது. ஆனால் இந்த எண் எங்கேயோ போய், நோட்டன் பிரிட்ஜிலோ வலப்பனையிலோ அடுப்பு முன்னால் இருமிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணுக்காக எழுதப்படப் போகிறது. அந்தப் பெண்ணுக்கும் ஒரு மாமியார் இருப்பாள், தன்னைப் போலவே அன்பாகக் கதவை மூடிக்கொண்டு.

“ரெண்டு கிலோ எழுநூறு,” என்றாள்.

“சரியா எழுநூறுதானே அக்கா?”

“சரியா எழுநூறு. நானே எட்டிப் பாத்தேன் மிஸ். கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல. அப்படியே எழுதிக்குங்க.”

கட்டிலில் பிள்ளை வீறிட்டது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். தாதி வந்து, பிள்ளையைக் கொஞ்சம் சமாதானப்படுத்தச் சொன்னாள். மீனம்மா கேட்கவில்லை. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து இழுத்து அது கத்துவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. போனைப் பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“ஆனா மிஸ், சத்தம் மூணு கிலோவுக்குக் கொறையாது. கேக்குதா? இத எந்த எடத்துல எழுதுவீங்க?”